கரி எஞ்சினுக்குத் தண்ணீர்: மாடல் செய்பவர்களும் கதை எழுதுபவர்களும் சறுக்கும் இடங்கள்

பழைய ரயில் கிளைப் பாதையை மாடலாகச் செய்கிறவர்களும் சரி, அதை வைத்துக் கதை எழுதுகிறவர்களும் சரி, கரியை ஞாபகம் வைத்துக்கொண்டு தண்ணீரை மறந்துவிடுகிறார்கள். கரிக் குவியல் இருக்கும், முகமெல்லாம் கரி அப்பிய ஃபயர்மேன் இருப்பார், ஆனால் எஞ்சின் காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்காமல் ஓடிக்கொண்டே இருக்கும்.

கணக்கைப் பாருங்கள். நம்மூர் மீட்டர்கேஜில் ஓடிய ஒய்.பி. எஞ்சினின் டெண்டரில், அதாவது பின்னால் கரியும் தண்ணீரும் சுமந்து வரும் வண்டியில், கரி பத்து டன்னுக்குக் கொஞ்சம் குறைவு, தண்ணீர் சுமார் 13,600 லிட்டர். ஒரு கிலோ கரி எரிந்தால் தோராயமாக 6, 7 லிட்டர் தண்ணீர் ஆவியாகிவிடும். அப்படியென்றால் அந்தக் கரி தீர்வதற்குள் டெண்டரை நாலைந்து தடவை நிரப்பியாக வேண்டும். கரி ஷெட்டில் இருந்தால் போதும், தண்ணீர் வழியெல்லாம் வேண்டும்.

நீலகிரி மலை ரயிலில் போனவர்களுக்கு இது தெரிந்திருக்கும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் 28 கிலோமீட்டர்தான், அதற்குள் அடர்லி, ஹில்குரோவ், ரன்னிமேடு என்று நின்று நின்று போகும். டீ, வடைக்காக நிறுத்துகிறார்கள் என்று நாம் இறங்கி ஓடுகிறோம். எஞ்சின் அங்கே தண்ணீர் பிடித்துக்கொண்டிருக்கும். தனி டெண்டர் கிடையாது, கூடவே சுமக்கிற கொஞ்சம் தண்ணீர்தான். சில எஞ்சின்களைக் கரியிலிருந்து எண்ணெய்க்கு மாற்றினார்கள், ஆனாலும் தண்ணீருக்கு நிற்பது மட்டும் மாறவில்லை.

அடுத்தது, வாட்டர் காலத்தை (water column, எஞ்சினுக்குத் தண்ணீர் ஊற்றும் குழாய்த் தூண்) எங்கே வைப்பது என்பது. என் முதல் மாடலில் பார்க்க அழகாக இருக்கட்டும் என்று பிளாட்பாரத்தின் நடுவில் வைத்தேன், வண்டி வந்து நின்றால் எஞ்சின் அதைத் தாண்டிப் பிளாட்பாரத்தின் நுனிக்குப் போய்விட்டது, டெண்டரின் வாய்க்கும் குழாய்க்கும் நடுவில் மூன்று பெட்டி. எஞ்சின் எங்கே நிற்குமோ அங்கேதான் வாட்டர் காலம் வேண்டும், இரண்டு பக்கமும் வண்டி வருமென்றால் இரண்டு நுனியிலும்.

குழாயின் பருமனைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. வீட்டு மோட்டாரில் ஆயிரம் லிட்டர் சின்டெக்ஸ் நிரம்ப அரை மணி நேரம் ஆகிறது, இங்கே அதுபோல் பதின்மூன்றைப் பத்து நிமிஷத்தில் கொட்ட வேண்டுமென்றால் நிமிஷத்துக்கு 1,300 லிட்டர். அதனால்தான் அந்தத் தடித்த குழாயும், உயரத்தில் பெரிய இரும்புத் தொட்டியும். பம்பு நாள் முழுக்க மெதுவாக ஏற்றிவைக்கும், எஞ்சின் வந்ததும் மொத்தமாக இறங்கும்.

அப்புறம், 'எந்தத் தண்ணீராக இருந்தால் என்ன' என்கிற நினைப்பு. மலை ஓடைத் தண்ணீர் பிரச்சினை இல்லை. சமவெளிக் கிணற்றுத் தண்ணீர் அப்படி இல்லை, டீ போடுகிற பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே படிவு பாய்லர் குழாய்களிலும் ஏறும், சூடு தண்ணீருக்குப் போகாமல் இரும்பிலேயே தங்கி இரும்பைக் கெடுக்கும். உப்புத் தண்ணீரோ வேறு விதமாகப் படுத்தும்: நுரைத்துப் பொங்கி, நீராவியோடு தண்ணீரும் சிலிண்டருக்குள் போய்விடும், தண்ணீரை அமுக்க முடியாது என்பதால் சிலிண்டர் மூடியே பிய்த்துக்கொள்ளலாம். ஆகவே ஷெட்டில் பாய்லரைக் கழுவி விடுகிற வாஷ்அவுட் நாள் என்று ஒன்று கட்டாயம் உண்டு; கதையில் அதற்கும் ஒரு நாள் ஒதுக்குங்கள்.

கேஜ் கிளாஸில் (பாய்லரில் தண்ணீர் எவ்வளவு என்று காட்டும் கண்ணாடிக் குழாய்) தண்ணீர் தெரிகிறது, எனவே ஆபத்தில்லை என்று எழுதுவதும் தப்பு. நீலகிரிப் பாதையில் ஏற்றம் சில இடங்களில் 12-க்கு 1, அதாவது 12 மீட்டர் போனால் 1 மீட்டர் ஏறும். மூன்று மீட்டர் நீள பாய்லர் என்று வைத்துக்கொண்டால், தண்ணீர் ஒரு பக்கம் ஒதுங்கி இரண்டு முனைக்கும் கால் மீட்டர் வித்தியாசம் வந்துவிடும். சமதளத்தில் சரியாக இருந்த அளவு சரிவில் பொய் சொல்லும். நெருப்புப் பெட்டியின் மேல்தகடு தண்ணீருக்கு வெளியே தலைகாட்டினால் அதில் பொருத்தியிருக்கும் லெட் பிளக் (ஈய அடைப்பான்) உருகி, நீராவி நெருப்பின் மேல் பாயும். ஃபயர்மேன் பயப்படுவது அதற்குத்தான்.

ஒரு சின்ன விஷயம்: வாட்டர் காலத்துக்குக் கீழே தரையைக் காய்ந்த மண்ணாக விட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு தடவையும் டெண்டர் வழியும், குழாயைத் திருப்பும்போது மிச்சம் கொட்டும். கொஞ்சம் சேறு, பச்சைப் புல், முடிந்தால் தண்ணீர் குடிக்க வந்த ஒரு ஆடு.