செம்மண்ணும் முந்திரி இலையும்: கறுப்பு வெள்ளையில் நிலக்காட்சி எடுக்கத் தொடங்குவோருக்கு

பண்ருட்டியிலிருந்து கடலூர் வரும் வழியில் முந்திரித் தோப்பு ஒன்றின் நடுவே செல்லும் செம்மண் பாதையை, மழை விட்ட ஒரு காலையில் படமெடுத்தேன். மண் நனைந்து சிவந்திருந்தது. இலைகள் கழுவிவிட்டாற்போல் பச்சையாக இருந்தன. கண்ணுக்கு அத்தனை எடுப்பாக இருந்த அந்தக் காட்சியை வீட்டுக்கு வந்து கறுப்பு வெள்ளையாக மாற்றியபோது, பாதை எங்கே முடிகிறது, மரம் எங்கே தொடங்குகிறது என்றே தெரியாதபடி இரண்டும் ஒரே சாம்பலாகக் கலந்துபோயின. இந்தக் கலையில் எனக்குக் கிடைத்த முதல் பாடம் அதுதான். உங்களுக்கும் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

அந்தக் குழப்பத்துக்குக் காரணம் எளிய கணக்கு. நனைந்த செம்மண்ணின் நிறம் சிவப்பு 170, பச்சை 90, நீலம் 60 என்று வைத்துக்கொள்வோம். முந்திரி இலையின் நிறம் சிவப்பு 90, பச்சை 130, நீலம் 60 என்று வைத்துக்கொள்வோம். நிறப்படத்தைச் சாம்பலாக்கும்போது பல மென்பொருள்கள் நம் கண்ணின் இயல்பைப் பின்பற்றிச் சிவப்புக்கு ஏறத்தாழ 30 விழுக்காடும், பச்சைக்கு 59 விழுக்காடும், நீலத்துக்கு 11 விழுக்காடும் தந்து கூட்டுகின்றன. கூட்டிப் பாருங்கள்: மண்ணுக்கு 111 வருகிறது, இலைக்கு 110 வருகிறது. சிவப்பை மட்டும் எடுத்துக்கொண்டால் மண் 170, இலை 90. பாதை வெளுத்து, தோப்பு இருண்டு நிற்கும். பச்சையை மட்டும் எடுத்துக்கொண்டால் மண் 90, இலை 130. பாதை கருத்து, இலைகள் ஒளிரும். ஒரே காட்சியிலிருந்து நேர்மாறான இரண்டு படங்கள் கிடைக்கின்றன. எந்த நிறம் எந்தச் சாம்பலாக வேண்டும் என்பதை நீங்கள் தீர்மானிக்காவிட்டால் மென்பொருள் தீர்மானித்துவிடும். கறுப்பு வெள்ளை நிலக்காட்சி நம்மை ஈர்த்து நிறுத்துகிறது என்றால், அங்கே யாரோ அந்தத் தீர்மானத்தைத் துணிந்து எடுத்திருக்கிறார் என்று பொருள். கீழே வரும் படிகள் எல்லாம் அந்தத் தீர்மானத்தை எங்கே, எப்படி எடுப்பது என்பதைப் பற்றியவை.

படி 1: கேமராவைத் தயார் செய்யுங்கள்

படத்தை ராவாக, அதாவது கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பாகப் பதிவு செய்யுங்கள். ஜேபெக் படம் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிநிலைகளையே வைத்திருக்கும். 14 பிட் ரா கோப்பு 16,384 படிநிலைகளைக் கொண்டிருக்கும். வானத்தை இருட்டவும் நிழலைத் திறக்கவும் நாம் பின்னால் இழுக்கும் இழுப்புக்கு அந்தச் செல்வம் தேவைப்படும். அதோடு கேமராவின் பிக்சர் ஸ்டைலை மோனோக்ரோமுக்கு மாற்றிவிடுங்கள். திரையில் கறுப்பு வெள்ளை தெரியும், ரா கோப்பிலோ எல்லா நிறமும் பத்திரமாக இருக்கும். தொடக்கநிலையில் இதைவிடப் பயனுள்ள அமைப்பு ஒன்றும் இல்லை என்பது என் கருத்து. கைப்பேசியில் எடுப்பவர்கள் ரா வசதி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் நிறப்படமாகவே எடுத்துப் பிறகு மாற்றுங்கள். கைப்பேசியின் மோனோ ஃபில்டரில் எடுத்து நிறத்தைத் தொலைத்துவிட்டால் மேலே சொன்ன தீர்மானத்துக்கு இடமே இருக்காது.

படி 2: வானம் பார்த்துக் கிளம்புங்கள்

மேகமற்ற நீல வானம் நிறப்படத்துக்கு அழகு. கறுப்பு வெள்ளையில் அது வெறும் சுவர். நம் பகுதியில் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கடலின் மேல் திரளும் மேகங்களே இந்தக் கலைக்கு வாய்த்த பெரிய கொடை. மழைக்குச் சற்று முன்னும், மழை விட்டு வெயில் கீற்றாக இறங்கும்போதும் தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் நின்று பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் கடலூர் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்ட நாளில் கடற்கரைப் பக்கம் செல்லாதீர்கள். 2011 டிசம்பர் 30 அன்று கரையைக் கடந்த தானே புயல் இந்த மாவட்டத்தின் முந்திரித் தோப்புகளையும் பலா மரங்களையும் என்ன செய்தது என்பதை அறிந்தவர்கள் நாம்.

அதிகாலையும் அந்தியும் நல்ல நேரங்கள் என்பது எல்லோரும் சொல்வதே. நண்பகலையும் ஒதுக்கிவிட வேண்டாம் என்று நான் சேர்த்துச் சொல்வேன். உச்சி வெயிலின் கடுமையான நிழல், நிறப்படத்தில் கண்ணை உறுத்துகிறது. கறுப்பு வெள்ளையில் அதுவே வடிவமாகிறது. பிச்சாவரத்தின் குறுகிய கால்வாய்களுக்குள் சுரபுன்னைக் கிளைகளின் இடுக்கில் ஒளி பொட்டுப் பொட்டாக விழுவது வெயில் ஏறிய பிறகுதான்.

படி 3: காட்சியைச் சாம்பலாகப் பார்க்கப் பழகுங்கள்

இதுவே நீளமான படி. சில மாதங்கள் ஆகலாம். கேமராவை எடுக்குமுன் காட்சியில் மிக வெளுத்தது எது, மிகக் கருத்தது எது, இரண்டுக்கும் நடுவில் நிற்பது எது என்று மூன்றையும் சுட்டிக்காட்டிவிட்டுத்தான் படமெடுக்க வேண்டும் என்று உங்களுக்கு நீங்களே ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். கண்களைப் பாதி மூடிப் பார்த்தால் நிறம் மங்கி ஒளியின் ஏற்ற இறக்கம் முன்னே வரும். இதை நம் வீட்டுப் பெண்கள் வாசலிலேயே செய்து காட்டுகிறார்கள். சாணம் தெளித்துத் தரை கருத்த பிறகே கோலமாவின் வெண்மை எடுப்பாகத் தெரியும். காய்ந்து வெளிறிய சிமெண்டுத் தரையில் அதே கோலம் பாதி மறைந்துவிடும்.

அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸும் ஃப்ரெட் ஆர்ச்சரும் 1940ஐ ஒட்டிய ஆண்டுகளில் வகுத்த மண்டல முறை இந்தப் பழக்கத்துக்கு ஓர் ஏணியாக அமையும். முழுக் கறுப்பை 0 என்றும், முழு வெள்ளையை 10 என்றும், நடுச் சாம்பலை 5 என்றும் வைத்து அவர்கள் காட்சியைப் படிகளாகப் பிரித்தார்கள். புதுச்சேரி கடற்கரைச் சாலையில் விடியற்காலையில் நின்று இதைச் செய்து பாருங்கள். அலையில் நனைந்த கருங்கற்களை 2இல் வையுங்கள். கல்லின் சொரசொரப்பு இலேசாகத் தெரிய வேண்டுமென்றால் 3இல் வையுங்கள். ஈர மணல் 5, உலர்ந்த மணல் 6, மேகத்தின் அடிவயிறு 4, கல்லில் மோதிச் சிதறும் நுரை 8. நுரையை 10இல் வைத்தால் அது வெறும் தாளாகிவிடும். 8இல் வைத்தால் அதன் குமிழிகள் தெரியும். இப்படி எண் சொல்லிப் பழகிய பிறகு, 2க்கும் 8க்கும் இடையே நிற்கும் காட்சிக்கும், எல்லாமே 4க்கும் 6க்கும் இடையே அடங்கிவிட்ட காட்சிக்கும் உள்ள வேறுபாடு தானாகவே கண்ணில் படும். முந்தையதில் விறுவிறுப்பு இருக்கும். பிந்தையதில் அமைதி இருக்கும். இரண்டுமே வேண்டியவைதாம், ஆனால் எது வேண்டும் என்று தெரிந்து எடுக்க வேண்டும்.

படி 4: வெளிச்சத்தை அளவாக வாங்குங்கள்

ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, அபெர்ச்சர் (லென்ஸின் திறப்பு) எஃப் 8 முதல் எஃப் 11 வரை, முக்காலி: நிலத்தில் நின்று எடுக்கும்போது இவை போதும். பிச்சாவரத்தில் படகு ஆடிக்கொண்டே இருக்கும் என்பதால் முக்காலி உதவாது. ஐஎஸ்ஓவை உயர்த்தி ஷட்டர் வேகத்தை நொடியில் 250இல் ஒரு பங்குக்குக் குறையாமல் வைத்துக்கொள்ளுங்கள். மேகமும் நுரையும் முழுதாக வெளுத்துப்போனால் எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. ஆகவே படத்தின் ஒளி அளவுகளைத் திரையில் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமின் வலது ஓரம் சுவரில் மோதாமல் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். கைப்பேசியில் மேகத்தின் வெளுத்த பகுதியைத் தொட்டுவிட்டு, வெளிச்சத்தைச் சற்றுக் கீழே இழுத்தால் போதும்.

படி 5: ஃபில்டர்கள்

ஃபிலிம் காலத்தில் வானத்தை இருட்டுவதற்கு லென்ஸின் முன்னால் நிறக் கண்ணாடி வைத்தார்கள். 1927 ஏப்ரலில் ஆடம்ஸ் அமெரிக்காவின் யோசெமிட்டிப் பள்ளத்தாக்கிலுள்ள ஹாஃப் டோம் பாறையை முதலில் மஞ்சள் ஃபில்டரில் எடுத்தார். தாம் மனத்தில் கண்ட கம்பீரம் அதில் வராது என்று உணர்ந்து அடர்சிவப்பு ஃபில்டருக்கு மாறியபோதுதான் வானம் ஏறக்குறையக் கறுப்பாகி, பாறை முன்னே எழுந்து நின்றது. நீல வானத்தின் ஒளியைச் சிவப்புக் கண்ணாடி தடுத்துவிடுவதே காரணம். டிஜிட்டலில் இந்த வேலையை வீட்டிலேயே செய்யலாம் என்பதால் நிறக் கண்ணாடி வாங்க வேண்டாம்.

வாங்கத் தகுந்தவை இரண்டு. ஒன்று போலரைசர், அதாவது பளபளப்பைக் குறைத்து வானத்தை இருட்டும் ஃபில்டர். சூரியனுக்குச் செங்கோணத்தில் உள்ள வானத்தில்தான் அது மிகுதியாக வேலை செய்யும். நம் கடற்கரையில் சூரியன் நேர் எதிரே கடலில் எழுவதால், விடியலில் கரையோரமாக வடக்கையோ தெற்கையோ பார்த்து நின்றால் வானம் நன்றாக இருளும். பிச்சாவரத்தில் நான் அதைக் கழற்றிவிடுவதே வழக்கம்: இலையின் பளபளப்பை நீக்கும் அதே கண்ணாடி, தண்ணீரில் தலைகீழாகத் தெரியும் வேர்களையும் அழித்துவிடக்கூடும், அந்தப் பிம்பத்துக்காகத்தானே அங்கே போகிறோம்.

மற்றொன்று பத்து ஸ்டாப் என்டி ஃபில்டர், அதாவது ஒளியைப் பத்து முறை பாதி பாதியாகக் குறைக்கும் கருங்கண்ணாடி. அது ஒளியை ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைக்கும். ஃபில்டர் இல்லாமல் நொடியில் 60இல் ஒரு பங்கு என்றால், ஃபில்டரோடு ஏறக்குறைய 17 நொடி. 2022 மார்ச்சில் ஒரு பகுதி சரிந்த புதுச்சேரிக் கடற்பாலத்தின் தூண்களை இப்படி எடுத்தால், அலைகள் பனிப்படலமாகி, தூண்கள் மட்டும் கறுத்து நிற்கும். இருந்தாலும் எல்லாக் கடலையும் பாலாக்கிவிட வேண்டாம். அரை நொடி முதல் ஒரு நொடிக்குள் எடுத்தால், கல்லிடுக்கிலிருந்து வடியும் நுரை வெள்ளை நூலாக இழுபடுவது தெரியும். எனக்கு அதுவே உயிரோட்டமாகத் தோன்றுகிறது. மணலில் முக்காலியின் கால்கள் மெல்ல இறங்கும், ஆகவே முதலிலேயே அழுத்தி ஊன்றிவிடுங்கள். வீடு திரும்பியதும் முக்காலியின் கால்களில் படிந்த உப்பை நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள்.

படி 6: நிறத்தைச் சாம்பலாக மாற்றுங்கள்

நிறச் செறிவைக் குறிக்கும் சாச்சுரேஷனைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்து மாற்றாதீர்கள். நான் முந்திரித் தோப்பில் செய்த பிழை அதுவே. லைட்ரூமில் பிளாக் அண்ட் ஒயிட் மிக்ஸ் என்ற பகுதியில் சிவப்பு முதல் மெஜந்தா வரை எட்டு ஸ்லைடர்கள் உள்ளன. கணினியில் கட்டணமின்றிச் செய்ய விரும்புவோர் ஜிம்ப்பின் சேனல் மிக்சரைப் பயன்படுத்தலாம். கைப்பேசியில் ஸ்நாப்சீடின் கறுப்பு வெள்ளைக் கருவியில் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம் ஆகிய ஃபில்டர்கள் இருக்கின்றன.

ஒவ்வொரு ஸ்லைடரையும் இரு கடைசிவரை இழுத்துப் பார்த்து, படத்தில் எது நகர்கிறது என்று கவனியுங்கள். செம்மண் படத்தில் சிவப்பையும் ஆரஞ்சையும் உயர்த்தி, பச்சையைத் தாழ்த்தினால் பாதை வெளிச்சமாக எழும். மரத்தின் பச்சை பெரும்பாலும் மஞ்சள் ஸ்லைடரிலேயே அசையும். பச்சையை நகர்த்தியும் ஒன்றும் நடக்கவில்லையே என்று பலர் திகைப்பது இதனால்தான். நீலத்தைத் தாழ்த்தினால் வானம் இருளும், ஆனால் எல்லைவரை இழுத்தால் வானத்தில் மணல் தூவியது போன்ற நாய்ஸும், பனைமர ஓரங்களில் வெள்ளைக் கோடும் தோன்றிவிடும். அந்தக் கோடு தெரிந்ததும் பாதி தூரம் பின்வாங்குங்கள்.

நீலத்தை எப்போதும் தாழ்த்த வேண்டும் என்பதும் இல்லை. காற்றில் மிதக்கும் மெல்லிய மூட்டம் நீல ஒளியை அதிகமாகச் சிதறடிப்பதால், சிவப்பு ஃபில்டர் அதைக் குறைத்துத் தொலைவைத் தெளிவாக்கும். நீல ஃபில்டர் அதைக் கூட்டும். மார்கழிக் காலையில் பாகூர் ஏரிக்கரையில் பனைகள் வரிசை வரிசையாக மங்கிக்கொண்டே போவதைப் படமாக்க நீல ஃபில்டரையே தேர்ந்தெடுங்கள். முன்வரிசை கறுப்பு, அடுத்தது சாம்பல், அதற்கும் அப்பால் மூச்சு விட்டாற்போல் ஒரு நிழல்: ஆழம் முழுவதையும் அந்த மூட்டமே தருகிறது.

படி 7: ஒளியைக் கையால் நகர்த்துங்கள்

இருட்டறையில் அச்சிடும்போது தாளின் ஒரு பகுதிக்கு ஒளியை மறைத்து வெளுக்கச் செய்வதை டாட்ஜ் என்றும், கூடுதல் ஒளி கொடுத்துக் கருக்கச் செய்வதை பர்ன் என்றும் அழைத்தார்கள். இன்று பிரஷ் கருவியால் அதையே செய்கிறோம். கண் எப்போதும் வெளிச்சத்தை நோக்கியே போகும் என்பதால், ஓரங்களில் தேவையின்றி வெளுத்திருக்கும் பகுதிகளை முதலில் கருக்கி, பார்வை தங்க வேண்டிய இடத்தைச் சிறிதே வெளுக்கச் செய்யுங்கள். பிச்சாவரப் படம் ஒன்றில் நான் தொட்டது ஒரே ஒரு வேரின் மேல்விளிம்பை மட்டும்தான். வளைந்து தண்ணீரில் இறங்கும் அந்த விளிம்பு ஒரு படி வெளுத்ததும், பின்னாலிருந்த வேர்க்காடு முழுவதும் தானாக ஆழத்துக்குப் போய்விட்டது. முடித்த பிறகு ஓர் இரவு விட்டுவைத்து மறுநாள் பாருங்கள். முந்தின நாள் கூட்டிய கான்ட்ராஸ்டில் பாதியைக் குறைக்கத் தோன்றும்.

படி 8: அச்சிடுங்கள்

அந்த வேர்ப் படத்தை முதன்முறை ஒரு கடையில் அச்சிடக் கொடுத்தபோது சாம்பல் முழுவதும் இலேசான பச்சைச் சாயலோடு வந்தது. நிற மைகளைக் கலந்தே சாம்பலை உருவாக்கும் இயந்திரங்களில் அளவு சிறிது தவறினாலும் இப்படி நேரும். அதனால் பெரிய அச்சுக்கு முன் நான்குக்கு ஆறு அங்குலத்தில் ஒரு மாதிரி கேளுங்கள். அதைக் கடையின் டியூப்லைட்டுக்குக் கீழே பார்க்காமல் வாசலுக்குக் கொண்டுவந்து, நேர் வெயில் படாத நிழலில் பிடித்து, இரண்டைப் பாருங்கள்: சாம்பலில் ஏதேனும் நிறம் எட்டிப்பார்க்கிறதா என்பது ஒன்று, நீங்கள் 3இல் வைத்த கருங்கல்லில் சொரசொரப்பு இன்னும் தெரிகிறதா என்பது மற்றொன்று. கல் வெறும் கறுப்பாக மூடியிருந்தால், கோப்பில் நிழல்களைச் சற்றுத் திறந்து மறுபடி ஒரு மாதிரி எடுத்துப் பாருங்கள்.