டீன் ஏஜ் பிள்ளைகளும் நேர நிர்வாகமும்: பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பதின்ம வயதுப் பிள்ளைக்கு நேரத்தைக் கையாளக் கற்றுத்தர வேண்டும் என்று தோன்றியதும், பல பெற்றோர் முதலில் செய்வது ஒரு அட்டவணை போட்டுச் சுவரில் ஒட்டுவதுதான். ஐந்தரைக்கு எழ வேண்டும், ஆறு முதல் ஏழு வரை கணக்கு, மாலையில் அரை மணி விளையாட்டு. சில நாள் நடக்கும். அப்புறம் தாள் சுவரில் தொங்கும், வீட்டில் தினமும் சண்டை நடக்கும். எது முக்கியம், எதற்கு எவ்வளவு நேரம், எதை விட்டுவிடலாம் என்று யோசிக்க வேண்டிய எல்லாவற்றையும் பெரியவர்களே யோசித்து முடித்துவிட்டால், பிள்ளை எதைத்தான் கற்றுக்கொள்ளும்? சொன்னதைச் செய்யப் பழகும், அவ்வளவுதான். அட்டவணையைப் பிள்ளையே போடட்டும். ஓட்டை உடைசலாக இருந்தாலும் அதுதான் பாடம்.

இதற்கு நேரெதிரான தவறும் உண்டு. "பெரிய பிள்ளையாகிவிட்டாய், இனி உன் பாடு" என்று ஒரே நாளில் கைகழுவுவது. திட்டமிடுவதற்கும் ஆசையைக் கட்டுப்படுத்துவதற்கும் உதவும் மூளையின் முன்பகுதி முழு முதிர்ச்சி அடைய ஏறக்குறைய 25 வயதாகிறது. அதனால் பக்கத்தில் ஒரு பெரியவர் தேவைதான். முதலில் சேர்ந்து உட்கார்ந்து எழுதுங்கள். பழகிய பிறகு பிள்ளை எழுதட்டும், நீங்கள் பாருங்கள். பிறகு பார்க்கவும் வேண்டாம், கேட்டால் மட்டும் சொல்லுங்கள்.

அதிகம் கவனிக்கப்படாத தவறு, வேலைக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று கணிக்கக் கற்றுத்தராமல் விடுவது. கணிப்பில் கோட்டைவிடுவது பிள்ளைகள் மட்டுமில்லை. பல்கலைக்கழக மாணவர்களிடம் ஆய்வேட்டை எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டு, 1994-இல் வெளியான ஒரு ஆய்வு இருக்கிறது. அவர்கள் சொன்னது சராசரியாக 34 நாள். பிடித்தது 55 நாளுக்கு மேல். எல்லாமே சொதப்பினால் எவ்வளவு ஆகும் என்று கேட்டதற்கு அவர்கள் சொன்ன கணக்கைக்கூட அது தாண்டியது. உளவியலில் இதற்குத் 'திட்டமிடல் பிழை' என்று பெயர்.

பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி, வெள்ளிக்கிழமை தர வேண்டிய அறிவியல் கட்டுரையை வியாழன் இரவு எழுதிக்கொள்ளலாம் என்கிறாள்.

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"ஒரு மணி நேரம் போதும்மா."

"சரி, முதலில் என்ன செய்வாய்?"

"கொஞ்சம் படிக்கணும். அப்புறம் குறிப்பு எடுக்கணும். எழுதணும். படம் வேற வரையணும்..."

ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் நிமிடத்தை அவளையே எழுதச் சொன்னால், கூட்டிப் பார்க்கும்போது மூன்று மணி நேரத்தைத் தொடும். அங்கே அம்மா செய்ய வேண்டியது வாயை மூடிக்கொண்டிருப்பது. "நான்தான் சொன்னேனே" என்று ஆரம்பித்தால் அவள் காகிதத்தை மூடிவிடுவாள். சும்மா இருந்தால், படத்தைப் புதன்கிழமையே வரைந்துவிடலாமா என்று அவளே கேட்கக்கூடும். வேலை முடிந்ததும் உண்மையில் பிடித்த நேரத்தைக் கணிப்புக்குப் பக்கத்தில் எழுதிவைக்கச் சொல்லுங்கள். சில வாரம் இப்படிச் செய்தால், தன் கணிப்பு எந்த வேலையில் எவ்வளவு பிசகுகிறது என்று பிள்ளைக்கே பிடிபடும்.

எல்லாமே முக்கியம் என்று சொல்வது அடுத்த தவறு. படிப்பு, நீச்சல், இசை, கூடுதல் வகுப்பு எல்லாமே முக்கியம் என்றால் பிள்ளை எதை வைத்து முன்னுரிமை தரும்? ஒரு வாரத்தில் எதையாவது விட்டுத்தான் ஆக வேண்டும். எதை விடுவது என்று பிள்ளை முடிவெடுக்கும்போது நமக்குப் பிடித்தது அடிபடலாம். அதைத் தாங்கிக்கொள்ளத்தான் வேண்டும். நண்பர்களோடு இருக்கும் நேரத்தை வெட்டி நேரம் என்று முதலில் வெட்டுவதையும் விடுங்கள். அந்த வயதில் நட்பு வெட்டி வேலை இல்லை.

நேரம் போதவில்லை என்றதும் தூக்கத்தில் கைவைப்பதைத்தான் என்னால் ஏற்கவே முடியவில்லை. 13 முதல் 18 வயது வரை தினமும் 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி சொல்கிறது. பருவ வயதில் உடலின் கடிகாரமே தள்ளிப்போகிறது. தூக்கத்துக்கான மெலடோனின் என்ற ஹார்மோன் இரவில் தாமதமாகச் சுரப்பதால், ஒன்பது மணிக்குப் படுத்தாலும் பிள்ளை புரண்டுகொண்டிருக்கும். விடிகாலையில் எழுப்பினால் பாதித் தூக்கத்தில் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். அட்டவணையில் முதலில் எழுத வேண்டியது தூக்க நேரம். மிச்ச நேரத்துக்குள்தான் மற்றதெல்லாம்.

தள்ளிப்போடும் பிள்ளையைச் சோம்பேறி என்று திட்டிவிடுவது சுலபம். பல நேரம் அங்கே இருப்பது பயம். கணக்கு புரியவில்லை, தொட்டால் அது தெரிந்துவிடும், அதனால் தொடுவதில்லை. "எங்கே இடிக்கிறது?" என்று கேட்டு, முதல் கணக்கை மட்டும் கூட உட்கார்ந்து போட்டுப் பாருங்கள். செல்போன் விஷயத்தில் நீண்ட உரை வேண்டாம். படிக்கும் நேரத்தில் அது வேறு அறையில் இருக்கட்டும், உங்களுடையதும்தான்.

கடைசியாக, மறந்துபோன வேலையை இரவோடு இரவாக நாமே செய்துகொடுப்பது. பாசத்தில் செய்வதுதான், புரிகிறது. ஆனால் ஒரு வீட்டுப்பாடத்துக்கு மதிப்பெண் குறைந்தால் வாழ்க்கை ஒன்றும் கெட்டுவிடாது. பெரிய தேர்வு, உடல்நலம், பாதுகாப்பு என்றால் தயங்காமல் குறுக்கிடுங்கள். மற்றபடி விளைவைப் பிள்ளையே சந்திக்கட்டும். வீடு திரும்பியதும் விசாரணை வேண்டாம். சாப்பிட்டு முடித்த பிறகு, "அடுத்த முறை எந்த நாளில் ஆரம்பித்தால் சரியாக வரும்?" என்று கேளுங்கள். பதிலை யோசிக்க நேரம் கொடுங்கள்.