கெப்பாசிட்டரில் வோல்டேஜ் அளக்கும்போது எங்கே சறுக்குகிறோம்

9 வோல்ட் பேட்டரி, மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் ஒரு ரெசிஸ்டர், மின்னூட்டத்தைச் சேர்த்துவைக்கும் ஒரு கெப்பாசிட்டர், ஒரு சுவிட்ச், எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே வளையத்தில். சிங்கப்பூர் ஜாலான் புசாரில் சிம் லிம் டவருக்குள் ஒரு சுற்று வந்தால் எல்லாம் கையில் வந்துவிடும், பிரெட்போர்டின் துளைகளில் செருக ஐந்து நிமிடம்கூட ஆகாது. ஆனால் கெப்பாசிட்டரின் இரு கால்களிலும் மல்டிமீட்டரை வைத்ததும் எண் தானாக ஏறுகிறது, இறங்குகிறது, சுவிட்சை அணைத்த பிறகும் வோல்ட் காட்டுகிறது, உடனே மீட்டர் கெட்டுப்போச்சு என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. மீட்டர் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும்.

முதல் தவறு, மீட்டரை வெறும் வேடிக்கை பார்ப்பவர் என்று நினைப்பது. சாதாரண டிஜிட்டல் மீட்டர் பலவற்றில் வோல்டேஜ் அளக்கும்போது இரண்டு முனைகளுக்கும் நடுவே சுமார் 10 மெகா ஓம் இருக்கும், அதாவது ப்ரோப்பை (மீட்டர் வயரின் முனையை) வைத்த அந்த நொடியே சர்க்கியூட்டில் இன்னொரு ரெசிஸ்டரைச் சேர்த்துவிட்டீர்கள். 1 மெகா ஓம் ரெசிஸ்டர், 1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முழுக்க சார்ஜ் ஆனால் 9 வோல்ட் வரவேண்டும், மீட்டரோ 8.2 பக்கமே நின்றுவிடும். ஏனென்றால் 9 வோல்ட்டை ரெசிஸ்டரும் மீட்டரும் ஒன்றுக்குப் பத்து என்று பங்கு போட்டுக்கொள்கின்றன. அப்புறம் சுவிட்சைத் திறந்துவிட்டு ப்ரோப்பை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தால் 10 வினாடியில் 3 வோல்ட்டுக்கு இறங்கிவிடும். கெப்பாசிட்டர் லீக் ஆகிறது என்று அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், மீட்டர்தான் குடித்துக்கொண்டிருக்கிறது. அதே இடத்தில் 10 கிலோ ஓமும் 100 மைக்ரோஃபாரடும் போட்டால் இந்தத் தொல்லை கண்ணுக்கே தெரியாது, பழகுவதற்கு அதுதான் நல்ல ஜோடி.

சுவிட்சின் குறுக்கே அளக்கும்போது குழப்பம் இன்னும் கூடும். கெப்பாசிட்டர் காலியாக இருக்கும்போது திறந்த சுவிட்சின் இரு முனைகளில் மீட்டரை வைத்தால் கிட்டத்தட்ட பேட்டரி வோல்டேஜே தெரியும், பிறகு மெல்ல மெல்லக் குறையும், காரணம் மீட்டர் வழியாகவே கெப்பாசிட்டர் சார்ஜ் ஆகிக்கொண்டிருக்கிறது. கெப்பாசிட்டர் ஏற்கெனவே நிரம்பியிருந்தால் சுவிட்ச் திறந்திருந்தும் பூஜ்யம் பக்கம்தான் காட்டும், இரண்டு பக்கமும் ஒரே அளவு அல்லவா. அந்தப் பூஜ்யத்தைப் பார்த்து சுவிட்ச் மூடியிருக்கிறது என்று முடிவு கட்டினால் அவ்வளவுதான்.

நேரத்தையும் கவனிக்க வேண்டும். ஓமையும் ஃபாரடையும் பெருக்கினால் வினாடி கிடைக்கும், 10 கிலோ ஓமும் 100 மைக்ரோஃபாரடும் என்றால் 1 வினாடி, அதற்குள் பேட்டரி வோல்டேஜில் 63 சதவீதம் ஏறும், 5 வினாடியில் 99 சதவீதம் தாண்டிவிடும். மாறாக 10 கிலோ ஓமும் 1 மைக்ரோஃபாரடும் போட்டால் எல்லாமே ஒரு வினாடியின் இருபதில் ஒரு பங்கில் முடிந்துபோகும், வினாடிக்குச் சில தடவை மட்டும் எண்ணை மாற்றும் மல்டிமீட்டரில் அதைப் பிடிக்கவே முடியாது, வோல்டேஜ் மாறுவதைத் திரையில் கோடாக வரையும் ஆசிலாஸ்கோப் வேண்டும். கணக்கும் அளவும் ஒத்துவரவில்லை என்று புலம்புவதற்கு முன் ஒன்று: ப்ளஸ், மைனஸ் பார்த்துப் போடவேண்டிய எலக்ட்ரோலிட்டிக் வகைக் கெப்பாசிட்டர்களில் எழுதியிருக்கும் அளவைவிட 20 சதவீதம் கூடக்குறைய இருப்பது சாதாரணம்.

சிவப்பு வயரை ஆம்பியர் துளையில் செருகியபடியே வோல்டேஜ் பார்க்கப் போவது பழைய வியாதி. அப்போது மீட்டர் ஏறக்குறைய ஒரு வெறும் கம்பி, சார்ஜ் ஏறிய கெப்பாசிட்டரைத் தொட்டால் பொறி பறக்கும், ஃபியூஸும் போகலாம். மீட்டரின் குமிழை டிசி-யில் (ஒரே திசை மின்சாரம்) வைக்காமல் ஏசி-யில் (திசை மாறும் மின்சாரம்) வைப்பதும் உண்டு, அதைச் சொல்லி நேரத்தை வீணாக்க வேண்டாம். எலக்ட்ரோலிட்டிக்கில் கோடு போட்ட பக்கம் மைனஸ், மாற்றிப் போட்டால் சூடாகி வெடிக்கவும் செய்யும்.

இரண்டாம் தடவை அளப்பதற்கு முன் கெப்பாசிட்டரைக் காலி செய்யுங்கள், ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் பண்ணாமல் 1 கிலோ ஓம் ரெசிஸ்டரைக் குறுக்கே வைத்து. காலி செய்த பிறகும் கொஞ்ச நேரத்தில் சிறிது வோல்டேஜ் தலைதூக்கும், அது பேய் இல்லை, உள்ளே இருக்கும் மின்காப்புப் பொருளின் குணம். இதெல்லாம் 9 வோல்ட் விளையாட்டுக்கு மட்டும். சிங்கப்பூரில் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், அதை நேரடியாக டிசி ஆக்கும் அடாப்டருக்குள் இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் 325 வோல்ட் வரை நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உடனே போய்விடாது. அந்தப் பெட்டியைத் திறக்கவே வேண்டாம்.