ஃபோர் வீல் டிரைவில் எவ்வளவு வேகம் போகலாம்?

ஃபோர் வீல் போட்டால் நான்கு சக்கரத்துக்கும் இன்ஜின் விசை போகும்; அதனால் வண்டி கிளம்புவதற்குத்தான் பிடிப்பு கூடும், நிற்பதற்கு இல்லை. ஒரு மழைநாளில் சேற்றுப் பாதையில் ஃபோர் ஹையில் (ஃபோர் வீலின் வேகமான நிலை) மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போனேன். ஏறும்போது வண்டி அவ்வளவு உறுதியாக இருந்தது. வளைவில் பிரேக்கை மிதித்ததும் நான்கு சக்கரமும் சேர்ந்தே வழுக்கின. அன்றிலிருந்து சேற்றில் 30-ஐத் தாண்டுவதில்லை.

ஃபோர் ஹையில் 80-க்கு மேல் நான் போக மாட்டேன். உங்கள் வண்டிக்கான வரம்பு அதன் கையேட்டில் இருக்கும், அதைப் பாருங்கள். ஃபோர் லோ (வேகம் குறைந்து இழுவை கூடும் நிலை) என்றால் 40-க்குள்தான். பாறையிலும் செங்குத்தான இறக்கத்திலும் நடை வேகமே போதும். இறக்கத்தில் முதல் கியரில் விட்டு, இன்ஜினே வண்டியைப் பிடிக்கும்படி இறங்குங்கள். ஃபோர் லோவுக்கு மாற்றும்போது பெரும்பாலான வண்டிகளை நிறுத்தி, நியூட்ரலில் வைக்க வேண்டும்.

காய்ந்த தார்ச்சாலைக்கு வந்ததும் டூ வீலுக்கு மாற்றிவிடுங்கள். திரும்பும்போது முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அதிக தூரம் ஓடும். நடுவில் டிஃபரன்ஷியல் (முன், பின் சக்கரங்கள் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் கியர் அமைப்பு) இல்லாத வண்டியில் அந்த வித்தியாசத்துக்கு இடமே கிடையாது. ஸ்டீயரிங் இறுகும், டயர் விட்டுவிட்டு உதறும், கியர்கள் முறுக்கேறும். மெதுவாகப் போனாலும் இதே கதைதான். அப்புறம், டூ வீலுக்கு மாற்றும் லீவர் நகர மறுத்தால் பலம் போட்டு இழுக்காதீர்கள். நேராகக் கொஞ்சம் பின்னால் எடுத்தால் பெரும்பாலும் முறுக்கு விடுபட்டுக் கழன்றுவிடும்.