ஃபெல்லோஷிப் பணத்தை வருமான வரி ரிட்டர்னில் எங்கே எழுதுவது?

ஜே.ஆர்.எஃப். (ஆராய்ச்சி மாணவர்களுக்குத் தரும் ஜூனியர் ரிசர்ச் ஃபெல்லோஷிப்) மாதம் 37,000, முழு வருஷத்துக்கு 4,44,000. என் முதல் ரிட்டர்னைத் தண்டையார்பேட்டையில் ஒரு பிரவுசிங் சென்டரில்தான் போட்டேன். அங்கிருந்த அண்ணன் பாஸ்புக்கைப் புரட்டிவிட்டு, "மாசாமாசம் வருதுல்ல, அப்ப சம்பளம்தான்" என்று சம்பளக் கட்டத்தில் ஏற்றிவிட்டார், நானும் தலையாட்டினேன். அப்புறம் திருத்திய ரிட்டர்ன் போட வேண்டியதாயிற்று.

படிப்புச் செலவுக்காகத் தரும் உதவித்தொகைக்கு வருமான வரிச் சட்டம் பிரிவு 10(16)-ன்படி வரி கிடையாது. உச்சவரம்பு இல்லை, புது வரிமுறையிலும் இந்த விலக்கு உண்டு. 2026 மார்ச் 31 வரை வந்த பணத்துக்கு இந்த எண்தான். அதற்குப் பிறகு வருவதற்குப் புதிய சட்டம், பிரிவு எண்கள் வேறு.

ஃபார்மைத் திறக்கும் முன் 26ஏஎஸ், ஏஐஎஸ் (உங்கள் பேரில் பிடித்த வரியும் வந்த பணமும் பதிவாகியிருக்கும் அறிக்கைகள்) இரண்டையும் வருமான வரித் தளத்திலிருந்து இறக்கிப் பாருங்கள். சில கல்வி நிலையங்களின் அக்கவுன்ட்ஸ் செக்‌ஷனில் இதைச் சம்பளம் என்று பிரிவு 192-லோ, தொழில்முறைக் கட்டணம் என்று பிரிவு 194ஜே-யிலோ போட்டு டிடிஎஸ் (பணம் தரும்போதே கழிக்கும் வரி) பிடித்துவிடுவார்கள். அப்படிப் பிடித்திருந்தால் முதலில் அவர்களிடமே போய்த் திருத்தச் சொல்லுங்கள், நாலு முறை நடக்க வைப்பார்கள், நடங்கள். பிடித்த பணம் திரும்ப வர ரிட்டர்ன் போட்டே ஆக வேண்டும்.

ஐடிஆர்-1 என்ற ரிட்டர்ன் ஃபார்மில் விலக்கு பெற்ற வருமானம் என்று ஒரு பகுதி இருக்கும், அந்தப் பட்டியலில் 10(16)-ஐத் தேர்ந்தெடுத்து வருஷ மொத்தத்தை எழுதுங்கள், அவ்வளவுதான். சேமிப்புக் கணக்கு வட்டி மட்டும் 'இதர வருமானம்' பகுதிக்குப் போகும். சாயங்காலம் பெரம்பூரில் டியூஷன் எடுத்துச் சம்பாதிப்பதற்கு இந்த விலக்கு இல்லை, இதோடு கலக்காதீர்கள். போஸ்ட்டாக் (பிஎச்.டி. முடித்த பிறகு செய்யும் ஆராய்ச்சி) என்றால் நியமனக் கடிதத்தை நன்றாகப் படியுங்கள்: பிஎஃப் பிடிக்கிறார்கள், வேலைக்கு அமர்த்தியதாகவே எழுதியிருக்கிறது என்றால் பேர் ஃபெல்லோஷிப்பாக இருந்தாலும் அதைச் சம்பளமாகத்தான் பார்ப்பார்கள்.

ரிட்டர்னோடு எதையும் இணைக்க வேண்டாம். ஆனால் உதவித்தொகை ஆணையைப் பத்திரமாக வையுங்கள், நோட்டீஸ் வந்தால் காட்ட அதுதான் இருக்கிறது.

வழக்கமாக ஜூலை 31 கடைசி. போட்ட 30 நாளுக்குள் இ-வெரிஃபை (ரிட்டர்ன் நீங்கள் போட்டதுதான் என்று ஆன்லைனில் உறுதிசெய்வது) செய்துவிடுங்கள், தாண்டினால் வெரிஃபை செய்த நாள்தான் போட்ட நாளாகக் கணக்காகும், செய்யவே இல்லை என்றால் போட்டதே கணக்கில் வராது. ஆதார் ஓடிபி மூலம் செய்தால் அது ஆதாரில் உள்ள நம்பருக்குத்தான் போகும், அதில் இன்னும் அப்பா நம்பர்தான் இருக்கிறது என்றால், அவர் காசிமேட்டில் மீன் ஏலச் சத்தத்துக்கு நடுவே நிற்கும் நேரம் பார்த்து உட்காராதீர்கள்.