ஒரே லாரன்ஸ், பல வேஷம்: பெயர் எழுதும்போது நடக்கும் தவறுகள்

போன மாதம் ஒரு புது மொழிபெயர்ப்பாளரின் கைப்பிரதியைத் திருத்த உட்கார்ந்தேன். என் பழைய தவறுகள் எல்லாம் அதில் வரிசையாக இருந்தன. சந்திப்பிழை, எழுத்துப்பிழை எல்லாம் நாளடைவில் தானே போய்விடும், அவற்றை விடுங்கள். ‘லௌரென்டியஸ்’ என்ற ஒரே ஒரு லத்தீன் பெயரை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் லாரன்ஸ், பிரெஞ்சில் லொரான், ஸ்வீடனில் லார்ஸ், பின்லாந்தில் லௌரி, குரோவேஷியாவில் லோவ்ரோ, போலந்தில் வவ்ஷினியெட்ஸ், செக்கில் வவ்ர்ஷினெட்ஸ். எல்லாம் ஒரே பெயர்தான்.

ஒன்றை இரண்டாக்குவது

என் கைக்காசைத் தின்ற தவறு இது. செக் நாட்டின் பிராகு நகரத்தைப் பற்றிய பயணக் கட்டுரைகளைத் தமிழாக்கிக்கொண்டிருந்தேன். ஜெர்மன் வழியாக வந்த கட்டுரைகளில் ‘லௌரென்ட்ஸிபெர்க்’ என்ற குன்று; மற்றவற்றில் ‘பெத்ர்ஷீன்’ என்ற குன்று. இரண்டும் வேறு வேறு என்று நானே முடிவு கட்டி, போதாததற்கு அடிக்குறிப்பும் போட்டேன். 1891இல் கட்டிய பார்வைக் கோபுரம் ஒரு குன்றில், புனித லாரன்ஸ் தேவாலயம் இன்னொன்றில்.

ஃபாரங்கள் அச்சாகி பைண்டிங்குக்குக் காத்திருந்தபோது, பிராகில் வேலை பார்த்துத் திரும்பிய ஒருவர் எடுத்துப் புரட்டினார். “சார், கோபுரத்துக்கும் கோயிலுக்கும் நாலு எட்டுதான். நடுவில் இன்னொரு மலையை எங்கே வைத்தீர்கள்?” அந்தக் கோயிலின் பெயரால்தான் ஜெர்மன்காரர்கள் குன்றை அழைத்திருக்கிறார்கள். செக்கின் வவ்ர்ஷினெட்ஸும் ஜெர்மனின் லௌரென்ட்ஸும் ஒருவரே என்று தெரிந்திருந்தால் அப்போதே பிடிபட்டிருக்கும். அந்த ஃபாரத்தை மறுபடி அடித்த செலவு என் கூலியில் கழிந்தது.

இத்தனைக்கும் நமக்கு இது புதிதா? புராட்டஸ்டன்ட் வீட்டில் பவுல், பழைய கத்தோலிக்க வீட்டில் சின்னப்பர். இருவரும் வேறு ஆட்கள் என்று யாராவது அடிக்குறிப்பு போட்டால் சிரிக்க மாட்டோமா?

சந்தேகம் வந்தால் அந்தந்த நாட்டின் பெயர்நாள் காலண்டரை, அதாவது எந்தப் பெயருக்கு எந்த நாள் என்று குறிக்கும் காலண்டரைப் பாருங்கள். 258இல் ரோமில் கொல்லப்பட்ட திருத்தொண்டர் லாரன்ஸின் திருநாள் ஆகஸ்ட் 10. லார்ஸ், லௌரி, வவ்ஷினியெட்ஸ், ஹங்கேரியின் லோரின்ட்ஸ் எல்லோருக்கும் அதே நாள்தான். ஐந்து நிமிட வேலை. அதைக்கூடச் செய்யாமல் அனுப்பும் கைப்பிரதியைப் பார்த்தால் இன்றும் எரிச்சல் வருகிறது.

எல்லோரையும் லாரன்ஸ் ஆக்குவது

சரி, ஒரே பெயர் என்று தெரிந்துவிட்டது. அதற்காக இத்தாலியின் மெடிச்சி குடும்பத்து லொரென்ட்ஸோவை லாரன்ஸ் மெடிச்சி என்று எழுதினால் ஆளே அடையாளம் தெரியாது. அதே எழுத்துகளை ஸ்பெயினின் பெரும்பகுதியில் ‘லொரென்தோ’ என்பார்கள், மெக்சிகோவில் ‘லொரென்ஸோ’. ஆள் எந்த ஊர் என்று கேட்டுக்கொண்டு எழுதுங்கள்.

‘வாகை சூடியவர்’

லௌரென்டியஸ் என்ற பெயருக்கு இப்படிப் பொருள் எழுதுகிறார்கள். இல்லை. ரோமுக்கு அருகே இருந்த லௌரென்டம் என்ற ஊர்க்காரர் என்பதுதான் பொருள். வெற்றி மாலை கட்டும் லாரல் மரத்தோடு அந்த ஊரை முடிச்சுப் போட்டவர்கள் ரோமர்களே.

ஹங்கேரி

குடும்பப்பெயர் முன்னால் வரும். கவிஞர் ஸபோ லோரின்ட்ஸை ‘திரு. லோரின்ட்ஸ்’ ஆக்காதீர்கள்.

உப்சாலா

1531இல் ஸ்வீடனின் இந்த ஊரில் முதல் லுத்தரன் பேராயரானவர் லௌரென்டியஸ் பெத்ரி. 1575இல் அதே பதவிக்கு வந்தவரும் லௌரென்டியஸ் பெத்ரி. மேலே நான் சொன்னதை நம்பி இவர்களை ஒருவராக்கிவிடாதீர்கள். ‘பெத்ரி’ என்றால் பீட்டரின் மகன், அவ்வளவுதான். இரண்டாமவர் முதலாமவருடைய மகளை மணந்தவர்.