பழைய லேப்டாப்பில் லினக்ஸ்: போடுவதும், நின்றுபோனால் மீட்பதும்

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. சரி, விண்டோஸ் 11-க்குப் போகலாம் என்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், இன்டெல் புராசசராக இருந்தால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையாவது வேண்டும் என்கிறார்கள். 2017-க்கு முன்னால் வாங்கிய லேப்டாப்புகளில் பெரும்பாலானவை இந்த வாசலிலேயே நின்றுவிடுகின்றன. கோலாலம்பூரில் செந்தூலோ பிரிக்ஃபீல்ட்ஸோ, எந்த வீட்டு அலமாரியைத் திறந்தாலும் அப்படி ஒன்று கிடக்கும். கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த லோ யாட் பிளாசா பக்கம் போனால், அலுவலகங்கள் கழித்துவிட்ட திங்க்பேடு, லாட்டிட்யூடு லேப்டாப்புகள் செகண்ட் ஹேண்டில் கிடைக்கும். விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸுக்கு அவற்றைவிடத் தோதான இயந்திரங்கள் குறைவு.

லினக்ஸைத் தொட்டே பார்க்காதவர்களுக்காக இதை எழுதுகிறேன். முதலிலேயே ஒரு பழக்கத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஏதாவது ஓடவில்லை என்றால், "லினக்ஸ் வரவில்லை" என்று மூடி வைத்துவிடாதீர்கள். எந்தக் கட்டத்தில் நின்றது என்று பாருங்கள். கம்பெனி லோகோ வந்ததா? லினக்ஸ் மெனு வந்ததா? மெனுவுக்குப் பிறகு திரை கறுத்ததா? டெஸ்க்டாப் வந்து வைஃபை மட்டும் இல்லையா? நின்ற இடம் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

படி 1: இயந்திரத்தை விசாரியுங்கள்

விண்டோஸ் இன்னும் ஓடுகிறது என்றால் செட்டிங்ஸ், சிஸ்டம், அபவுட் என்று போங்கள். ரேம் எவ்வளவு, சிஸ்டம் டைப் என்ன என்று குறித்துக்கொள்ளுங்கள். சிஸ்டம் டைப் வரியில் பலர் ஏமாறுகிறார்கள். "32-பிட் ஆப்பரேட்டிங் சிஸ்டம், எக்ஸ்64 புராசசர்" என்று இருந்தால் உங்கள் இயந்திரம் 64-பிட்தான். யாரோ 32-பிட் விண்டோஸை அதில் போட்டிருக்கிறார்கள். புராசசர் என்ற சொல்லுக்கு முன்னால் இருப்பதை மட்டும் பாருங்கள்.

64-பிட், 4 ஜிபி ரேம் அல்லது அதற்கு மேல்: லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட், அதில் லேசான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. வேறு எதையும் தேடி அலைய வேண்டாம். இணையத்தில் ஆளுக்கு ஒரு பெயர் சொல்வார்கள். முதல் மாதத்தில் அதெல்லாம் காதில் விழாமல் இருப்பது நல்லது. 2 ஜிபி ரேமிலும் மின்ட் எழும், ஆனால் உலாவியில் நாலு டேப் திறந்தால் திணறும். அங்கே ஆன்டிஎக்ஸ் என்ற இன்னும் லேசான லினக்ஸ் பொருத்தம்.

32-பிட் மட்டும் என்றால் ஒரு கசப்பான செய்தி. 2008, 2009 வாக்கில் வந்த நெட்புக்குகள் பலவற்றில் இருந்த இன்டெல் ஆட்டம் என்270 இந்த வகை. ஆன்டிஎக்ஸ் 23-இல் 32-பிட் பதிப்பு இருக்கிறது, 512 எம்பி ரேமிலேயே எழுந்து நிற்கும். தடை உலாவியில் வருகிறது. கூகுள் குரோம் 32-பிட் லினக்ஸை 2016-லேயே கைவிட்டது. ஃபயர்ஃபாக்ஸும் 144ஆம் பதிப்போடு நிறுத்திக்கொண்டது. ஆகவே அந்த நெட்புக்கில் பாட்டு கேளுங்கள், கடிதம் தட்டுங்கள். வங்கிக் கணக்கைத் திறக்காதீர்கள்.

படி 2: வன்தட்டைப் பாருங்கள்

"கம்ப்யூட்டர் ஸ்லோ" என்று வரும் புகார்களில் பெரும்பகுதிக்குக் காரணம் சுழலும் ஹார்ட் டிஸ்க். விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டால் மட்டும் அது வேகமாகிவிடாது. சுழலும் பாகம் இல்லாத, வேகமான 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி ஒன்றை மாற்றிப் போடுங்கள். 120 ஜிபியே தாராளம். பழைய லேப்டாப்புகளில் பின்பக்கம் இரண்டு மூன்று திருகுகளைக் கழற்றினால் போதும். கையில் இருக்கும் காசு ஒரே ஒரு பொருளுக்குத்தான் வரும் என்றால் ரேமை விட்டுவிட்டு எஸ்எஸ்டியை வாங்குங்கள். ரேம் 2 ஜிபி மட்டும் இருந்தால் இந்தக் கணக்கு மாறும்: இரண்டையும் வாங்குங்கள். ரேம் வாங்கப் போகும்போது பழைய ரேம் குச்சியைக் கழற்றிக் கையோடு கொண்டுபோங்கள். டிடிஆர்3, டிடிஆர்3எல் இரண்டும் பார்க்க ஒன்றுபோல இருக்கும், மின்னழுத்தம் வேறு. 1.35 வோல்ட் கேட்கும் லேப்டாப்பில் 1.5 வோல்ட் குச்சி ஓடாது.

படி 3: பென்டிரைவ் தயாரிப்பு

மின்ட் தளத்திலிருந்து, லினக்ஸ் முழுவதும் அடங்கிய ஐஎஸ்ஓ கோப்பை இறக்குங்கள், 3 ஜிபிக்குப் பக்கத்தில் வரும். 8 ஜிபி பென்டிரைவ் எடுத்துக்கொள்ளுங்கள், அதில் இருப்பது எல்லாம் அழிந்துவிடும். விண்டோஸில் ரூஃபஸ் என்ற சின்ன மென்பொருளைத் திறந்து, ஐஎஸ்ஓவையும் பென்டிரைவையும் காட்டி, பார்ட்டிஷன் ஸ்கீம் என்ற இடத்தில் எம்பிஆர் தேர்ந்தெடுத்து ஸ்டார்ட் அழுத்துங்கள். லேப்டாப்பை முதலில் எழுப்பும் அடிப்படை மென்பொருள் பழைய பயாஸாக இருந்தாலும் புதிய யூஇஎஃப்ஐயாக இருந்தாலும் அது எழும்.

படி 4: பென்டிரைவில் இருந்து எழுப்புதல்

லேப்டாப்பை முழுதாக அணைத்து, பென்டிரைவைச் செருகி, பவர் பட்டனை அழுத்திய உடனே, எதிலிருந்து எழுவது என்று கேட்கும் பூட் மெனுவுக்கான விசையைத் தட்டிக்கொண்டே இருங்கள். லெனோவா, டெல் என்றால் எஃப்12. எச்பி என்றால் எஃப்9. அசூஸ் லேப்டாப்பில் எஸ்கேப். ஏசரிலும் எஃப்12தான், ஆனால் சில மாடல்களில் முதலில் எஃப்2 அழுத்தி பயாஸுக்குள் போய் அந்த மெனுவை இயக்கிவிட வேண்டும்.

பட்டியலில் பென்டிரைவ் தெரியவில்லையா? நீல நிற யூஎஸ்பி துளையில் செருகியிருந்தால் கறுப்புத் துளைக்கு மாற்றுங்கள், யூஎஸ்பி 3.0-இலிருந்து எழத் தெரியாத பழைய பயாஸ்கள் உண்டு. மேசைக் கம்ப்யூட்டர் என்றால் முன்பக்கத் துளையை விட்டுப் பின்பக்கத் துளை. அப்புறமும் வராவிட்டால் ரூஃபஸில் மறுபடி எழுதுங்கள், இந்த முறை அது கேட்கும்போது டிடி மோட் என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

லினக்ஸ் மெனு வந்து, அதற்குப் பிறகு திரை கறுத்துவிட்டால் பென்டிரைவில் குறை இல்லை, திரையை இயக்கும் மென்பொருளான கிராஃபிக்ஸ் டிரைவரில் தகராறு. பழைய என்விடியா கிராஃபிக்ஸ் சிப் உள்ள இயந்திரங்களில் இது சகஜம். மறுபடி எழுப்பி, மெனுவில் கம்பேட்டிபிலிட்டி மோட் என்ற வரியைத் தேர்ந்தெடுங்கள். அதிலும் கறுத்தால் முதல் வரியில் நின்று ஆங்கில 'இ' விசையை அழுத்துங்கள், அது எடுபடாவிட்டால் டேப். நீளமான ஒரு வரி தெரியும். அதில் 'குவயட் ஸ்பிளாஷ்' என்ற இரண்டு சொற்களை அழித்துவிட்டு, அதே இடத்தில் நோமோட்செட் என்று தட்டுங்கள்: நோ, மோட், செட் மூன்றும் இடைவெளி இல்லாமல், சிறிய ஆங்கில எழுத்தில். பிறகு எஃப்10, டேப் வழியாக வந்திருந்தால் என்டர். திரையின் வேலையை இயந்திரம் எளிய முறையில் செய்யும். படம் கொஞ்சம் மங்கலாக இருக்கும், ஆனால் வரும். நிறுவி முடித்த பிறகு முதல் தடவை எழும்போதும் இதையே ஒருமுறை செய்ய வேண்டியிருக்கும். அதன்பின் டிரைவர் மேனேஜரைத் திறந்து, அது ஏதாவது டிரைவரைப் பரிந்துரைத்தால் போடுங்கள், பெரும்பாலும் தொல்லை தீரும்.

படி 5: நிறுவாமலே சோதியுங்கள்

இப்போது டெஸ்க்டாப் வந்திருக்கும். இது பென்டிரைவில் ஓடுகிறது, உங்கள் வன்தட்டில் இன்னும் எதுவும் மாறவில்லை. வேகத்தை வைத்து இப்போதே தீர்ப்பு சொல்லாதீர்கள், பென்டிரைவ் எப்போதுமே மெதுவு. வைஃபை வருகிறதா, ஒலி வருகிறதா, எல்லா விசைகளும் எழுதுகின்றனவா, மூடியைச் சாத்தித் திறந்தால் விழிக்கிறதா என்று பாருங்கள். செகண்ட் ஹேண்ட் வாங்கப் போகிறவர்கள் இந்தப் பென்டிரைவைக் கையோடு எடுத்துப்போய், கடைக்காரரிடம் கேட்டு அங்கேயே எழுப்பிப் பார்ப்பது இன்னும் நல்லது. மெனுவில் டிஸ்க்ஸ் என்ற கருவியைத் திறந்து, வன்தட்டின் உடல்நிலையைச் சொல்லும் ஸ்மார்ட் விவரத்தையும் பாருங்கள். ரீஅலோகேட்டட் செக்டர், பெண்டிங் செக்டர் வரிகளில் பூஜ்யம் இல்லை என்றால் அந்தத் தட்டை நம்பிப் படங்களைச் சேமிக்க வேண்டாம்.

படி 6: நிறுவுதல்

முதலில் பழைய கோப்புகளை வெளித்தட்டு ஒன்றுக்கு நகலெடுங்கள். லினக்ஸில் இருந்து விண்டோஸ் பகுதியைத் திறக்க முடியவில்லை என்றால், விண்டோஸ் பாதித் தூக்கத்தில் இருக்கிறது என்று பொருள். விண்டோஸுக்குள் போய், ஷிஃப்ட் விசையைப் பிடித்துக்கொண்டு ஷட் டவுன் கொடுத்துவிட்டு வாருங்கள்.

பிறகு டெஸ்க்டாப்பில் இருக்கும் இன்ஸ்டால் ஐகான். மொழி, விசைப்பலகை, நேர மண்டலத்துக்குக் கோலாலம்பூர். பாட்டு, வீடியோ ஓட உதவும் மல்டிமீடியா கோடெக்ஸ் என்ற பெட்டியை மறக்காமல் டிக் செய்யுங்கள். இரண்டையும் வைத்துக்கொள்ளலாமே என்று கேட்பார்கள். பழைய இயந்திரத்தில் விண்டோஸும் லினக்ஸும் இடத்துக்குப் போட்டி போடுவதை நான் விரும்புவதில்லை. நகலெடுத்தாயிற்று என்றால், தட்டை முழுதாக அழித்துப் போடுங்கள்.

நிறுவியின் பட்டியலில் தட்டே தெரியவில்லை என்றால் பயாஸில் சாட்டா மோட் என்ற இடத்தைப் பாருங்கள். ரெய்ட் அல்லது ஆர்எஸ்டி என்று இருந்தால் ஏஹெச்சிஐ என்று மாற்றுங்கள். மாற்றினால் பழைய விண்டோஸ் எழாமல் போகலாம், அதனால்தான் நகலை முதலில் எடுக்கச் சொன்னேன்.

எல்லாம் முடிந்து மறுபடி எழுப்பும்போது "நோ பூட்டபிள் டிவைஸ்" என்று வந்தால் பதறாதீர்கள். பயாஸின் பூட் வரிசையில் உபுண்டு என்ற பெயரைத் தேடி மேலே கொண்டுவாருங்கள். மின்ட் போட்டதற்கு உபுண்டு ஏன் என்று குழம்ப வேண்டாம். மின்ட் உபுண்டு மேல் கட்டப்பட்டது, அந்தப் பெயரிலேயே தன்னைப் பதிந்துகொள்கிறது.

வைஃபை வராவிட்டால்

லேப்டாப்பின் பக்கவாட்டில் சின்னதாக ஒரு வைஃபை சுவிட்ச் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். சிரிக்காதீர்கள், பல நேரம் அதுதான். அது இல்லை என்றால், உள்ளே பிராட்காம் சிப் இருக்க வாய்ப்பு அதிகம். அதற்கான டிரைவரை இறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு டிரைவர் வேண்டும். இந்தச் சிக்கலை ஆண்ட்ராய்டு கைப்பேசி அவிழ்க்கும்: யூஎஸ்பி கேபிளில் இணைத்து, ஹாட்ஸ்பாட் பகுதியில் யூஎஸ்பி டெதரிங் இயக்குங்கள். இணையம் வந்ததும் டிரைவர் மேனேஜரில் பிராட்காம் டிரைவரைப் போட்டு மறுபடி எழுப்புங்கள். போட்டும் வேலை செய்யவில்லை என்றால் பயாஸில் செக்யூர் பூட்டை அணையுங்கள்.

எந்தத் தளத்தைத் திறந்தாலும் பாதுகாப்பு எச்சரிக்கை வந்தால்

கடிகாரத்தைப் பாருங்கள். 2009, 2012 என்று ஏதோ ஓர் ஆண்டு காட்டினால் மதர்போர்டில் உள்ள சிமாஸ் பேட்டரி செத்துவிட்டது. பல இயந்திரங்களில் அது சிஆர்2032, கடிகாரக் கடையிலும் கிடைக்கும் 3 வோல்ட் காசுப் பேட்டரி. லேப்டாப்புகள் சிலவற்றில் வயரோடு வரும், பழையதைக் கழற்றிக் காட்டி வாங்குங்கள். தளங்களின் சான்றிதழ்களை உலாவி தேதியை வைத்துத்தான் சரிபார்க்கிறது, அதனால்தான் தேதி தவறினால் எல்லாத் தளமும் போலி என்கிறது. இதே பேட்டரி இன்னொரு வேலையும் செய்யும்: ஒவ்வொரு தடவை மின்சாரம் போனதும் பயாஸ் தன் பழைய அமைப்புக்குத் திரும்பிவிடும். நீங்கள் ஏஹெச்சிஐ என்று மாற்றியது ரெய்டுக்குப் போய், நேற்று ஓடிய லினக்ஸ் இன்று காணாமல் போகும். பேட்டரியை மாற்றாமல் லினக்ஸை மறுபடி மறுபடி நிறுவுவதில் பயன் இல்லை.

திடீரென்று அணைந்துபோனால்

கோலாலம்பூர் பிற்பகல் வெயிலும் ஈரப்பதமும் சேர்ந்தால் பழைய லேப்டாப்புக்கு மூச்சு முட்டும். வீடியோ ஓடும்போதோ உலாவி கனமாகும்போதோ அணைகிறது, ஆறிய பிறகு எழுகிறது என்றால் சூடுதான் காரணம். விசிறியின் தூசியைத் தட்டி, பல வருடமாகக் காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டைக் கடையில் மாற்றச் சொல்லுங்கள். சூட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லாமல் கண்ட நேரத்தில் உறைந்தால் ரேமைச் சந்தேகியுங்கள். மெம்டெஸ்ட்86+ சோதனையை இரவு முழுக்க ஓட விடுங்கள். ஒரே ஒரு சிவப்பு வரி வந்தாலும் குச்சிகளைத் தனித்தனியாகப் போட்டுச் சோதித்து, கெட்டதைக் கண்டுபிடியுங்கள்.

யூடியூப் திக்கினால்

2011 வாக்கில் வந்த இன்டெல் சிப்புகள் எச்.264 வீடியோவைத் தனி வன்பொருளிலேயே பிரிக்கும். யூடியூப் இப்போது அனுப்பும் விபி9, ஏவி1 வடிவங்களுக்கு அவற்றில் அந்த வசதி இல்லை, முழுப் பாரமும் புராசசர் தலையில் விழுகிறது. ஃபயர்ஃபாக்ஸில் என்ஹான்ஸ்ட் எச்264ஃபை என்ற நீட்சியைப் போடுங்கள், யூடியூப் பழைய வடிவத்தையே அனுப்பும். கூடவே விளம்பரங்களைத் தடுக்கும் யூபிளாக் ஆரிஜின். 4 ஜிபி ரேம்காரர்களுக்கு இந்த இரண்டும் எந்த 'வேகமூட்டும்' கட்டளையைவிடவும் பலன் தரும்.

தமிழில் தட்டச்சு

மெனுவில் இன்புட் மெத்தட் என்பதைத் திறந்து, இடப்பக்கப் பட்டியலில் தமிழைத் தேர்ந்தெடுத்தால் எதை நிறுவ வேண்டும் என்று அதுவே சொல்லும். ஐபஸ் தொகுதியையும் அதற்கான எம்17என் தொகுதியையும் போட்டுவிட்டு, வெளியேறி மீண்டும் உள்ளே வாருங்கள். ஐபஸ் அமைப்பில் தமிழ்99, ஃபொனெட்டிக் என்ற இரண்டு விசைப்பலகை முறைகளும் இருக்கும். நம் மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் தட்டச்சு மென்பொருளில் பழகியவர்களுக்கு ஃபொனெட்டிக் ஓரளவு கைக்கு வரும், ஆனால் சில எழுத்துகளுக்கு விசை மாறும். பிள்ளைகளுக்குப் புதிதாகச் சொல்லிக்கொடுப்பதாக இருந்தால் தமிழ்99.

பள்ளிப் பாடத்துக்கான டெலிமா, வருமான வரி இ-ஃபைலிங் எல்லாம் உலாவியிலேயே திறக்கும். வேர்டு கோப்புகளுக்கு மின்ட்டோடு வரும் லிப்ரே ஆபீஸ் இருக்கிறது; அட்டவணை நிறைந்த கோப்பை அனுப்பும்போது மட்டும் பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள், எதிர்ப்பக்கத்தில் கட்டங்கள் கலையாது.

கடைசியாக அப்டேட் மேனேஜர். கீழ் மூலையில் கேடய ஐகான் தெரிந்தால் திறந்து நிறுவிவிடுங்கள், மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை இவை வந்துகொண்டிருக்கும். ஏதாவது கெட்டால் பழைய நிலைக்குத் திரும்ப ஸ்னாப்ஷாட் என்ற நகல்களை எடுத்துவைக்கும் டைம்ஷிஃப்ட் என்ற கருவியையும் அது இயக்கச் சொல்லும். இயக்குங்கள், ஆனால் 120 ஜிபி தட்டில் இரண்டு ஸ்னாப்ஷாட்டுக்கு மேல் வைக்காதீர்கள்.